பேர் தெரியாத கொடியில் பேர் தெரியாத காய்: வெளியூர் விதையை அறிகுறி பார்த்து அடையாளம் காணும் வழி

வேலூர்ப் பக்கத்துக்கு வெளியூர் விதை வந்து சேர வழிகளுக்குக் குறைவே இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்களில், லீவில் வருகிற பிள்ளை அசாமிலிருந்தோ உத்தராகண்டிலிருந்தோ நாலு விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுப்பான். காசிக்குப் போய்வந்தவர்கள் அங்கே சாப்பிட்ட காயின் விதையை முந்தானையில் முடிந்து வருவார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்கும் வங்காளக் குடும்பங்கள், சமைக்க வாங்கிய காயில் முற்றிப்போனதை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. விதை ஊன்றும்போது யாரும் பேர் கேட்பதில்லை. கொடி பந்தல் ஏறிப் பிஞ்சு விட்ட பிறகுதான் "இன்னாது இது, துன்னலாமா?" என்ற கேள்வி வருகிறது.

அப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் காயின் போட்டோவைத்தான் நீட்டுகிறார்கள். பூசணிக் குடும்பத்தில் காயின் உருவம்தான் இருப்பதிலேயே நம்பக்கூடாத சாட்சி. சுரை ஒன்றே நீட்டாகவும் வரும், உருண்டையாகவும் வரும், கழுத்து ஒடுங்கிய குடுக்கையாகவும் வரும். பூ என்ன நிறம், எந்த நேரத்தில் விரிகிறது, பற்றுக்கம்பி (கொடி பற்றி ஏறும் சுருள் இழை) ஒற்றையா கிளைத்ததா, விதை எப்படி இருந்தது என்பவை ஊர் மாறினாலும் மாறாது. இவற்றில் குறைந்தது இரண்டு அறிகுறிகளாவது ஒரே பேரைச் சொல்லும்வரை எந்தக் காயையும் அடுப்பில் ஏற்றக்கூடாது என்பதுதான் என் கட்சி.

கொடியின் வயசு வரிசையில் எழுதியிருக்கிறேன். உங்கள் கொடி எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து படிக்கலாம். கசப்பைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் முதலில் படித்துவிடுங்கள்.

காய் கசக்கிறது

பாகற்காயைத் தவிர வேறு எந்தக் கொடிக்காய் கசந்தாலும் அதைக் குப்பையில் போடுங்கள். உப்பில் பிசறிப் பிழிந்தாலும், புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும், வெல்லம் போட்டு மறைத்தாலும் ஆபத்து தீராது. கசப்பைத் தருவது குக்கர்பிட்டாசின் என்ற வேதிப்பொருள். அடுப்புச் சூட்டில் அது அழிவதில்லை. உள்ளே போனால் வயிற்று வலி, வாந்தி, பேதி, சிலருக்கு ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவது என்று வேகமாக முற்றும். 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த விஞ்ஞானி ஒருவர் இறந்துபோனார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு இதை ஆராய்ந்து, சாறு எடுக்கும் முன் ஒரு சின்னத் துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும் என்று சொன்னது. நம்ம வீட்டுப் பந்தலில் காய்ச்சதாச்சே என்ற பாசம் இந்த இடத்தில் கூடவே கூடாது. சாப்பிட்டபின் வாந்தி ஆரம்பித்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், மிச்சமிருக்கும் காயையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நல்ல கொடியிலிருந்து எடுத்த விதை எப்படிக் கசந்தது என்று கேட்பார்கள். தாய்க்கொடியின் பூவில் காட்டுச் சாதியின் மகரந்தம் விழுந்திருந்தால் அந்தக் கலப்பு விதைக்குள் வந்துவிடும். முளைக்கிற கொடி பார்வைக்கு நல்ல சுரையாகவே இருக்கும், சதை மட்டும் கசக்கும். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் எல்லாம் நம் நாட்டு வேலிகளில் உள்ளவைதான். சுக்கினிக் கொடி அழகுக்கு வளர்க்கும் குட்டிப் பூசணிகளோடு கலந்தாலும் இதே கதை. ஆனால் பக்கத்துப் பந்தலில் பாகல் இருந்ததால் சுரை கசந்துவிட்டது என்று சொல்வதில் உண்மை இல்லை. பாகல் மகரந்தம் சுரையில் சூல் பிடிக்காது. ஒரே சாதிக்குள் கலந்தாலும் அந்த வருஷத்துக் காயின் சதை மாறுவதில்லை, அதன் விதைதான் மாறுகிறது.

நாக்கில் வைத்துப் பார்ப்பது பேர் தெரிந்த காய்க்கு மட்டும். காம்புப் பக்கம் ஒரு துண்டு, நுனிப் பக்கம் ஒரு துண்டு, அரிசி அளவுக்கு நறுக்கி நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடுங்கள். ஒரு முனையில் தெரியாத கசப்பு மறுமுனையில் தெரியலாம். ஒவ்வொரு காயையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பேர் தெரியாத கொடியின் காயைச் சுவைத்தே பார்க்காதீர்கள். கசக்காத காயெல்லாம் தின்னும் காய் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ராஜஸ்தானிலிருந்து வரும் கச்ரி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. நம் மிதுக்கங்காய்க்குச் சொந்தக்காரன் அது. இளசில் கசந்து, பழுத்ததும் கசப்பு போய்ப் புளிப்பேறும். அதனால் கொடுத்தவரிடம் "பிஞ்சில் சாப்பிடுவீர்களா, பழுத்தபின்னா?" என்று கேட்டு விதைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிவைப்பது நல்லது. பேர் மறந்தாலும் இந்த ஒரு வரி பிறகு பெரிதும் உதவும்.

ஊன்றி இரண்டு வாரமாகியும் முளைக்கவில்லை

பெரும்பாலும் விதை முற்றாததுதான் காரணம். வங்காளத்துப் பட்டோல், வடநாட்டு உருண்டைக் காயான டிண்டா, மெத்தென்ற முள்ளுள்ள பாகல் கூட்டத்துக் காக்ரோல் எல்லாம் கடைக்கு வருவதே பிஞ்சில். அந்த விதை வெள்ளையாக, நகம் பட்டால் அமுங்கும். அது முளைக்காது. ஓடு கெட்டிப்பட்டு நிறம் மாறிய விதைதான் முளைக்கும்.

முற்றிய விதையும் அடம்பிடிக்கலாம். சுரைக்கும், வரி இல்லாத நுரைப்பீர்க்குக்கும் ஓடு தடிப்பு. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, கூர் முனையின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ஈரத்துணியில் முடிந்துவைத்தால் முளை விட்டுவிடும். காக்ரோலும் அதன் தம்பி முறையான மெழுகுபாகலும் வேறு ரகம். விதை மாதக்கணக்கில் உறக்கத்தில் இருக்கும். தொட்டியைக் கவிழ்த்துவிடாமல் ஒரு மூலையில் ஈரம் காயாமல் வையுங்கள். அடுத்த மழையில் தானே கிளம்பியிருக்கும். சௌசௌவில் விதையைத் தனியே பிரிக்கவே முடியாது, முழுக்காயை அப்படியே படுக்கவைக்க வேண்டும்.

மார்கழிப் பனியில் ஊன்றியிருந்தால் பொறுத்துப் பாருங்கள். இந்தக் குடும்பத்துக்கு மண்ணில் 25, 30 டிகிரி சூடு வேண்டும்.

இன்னும் ஊன்றாதவர்கள் ஒரு விதையையாவது எடுத்துவைத்துவிட்டு மீதியை ஊன்றுங்கள். விதையே பாதிப் பேரைச் சொல்லிவிடும். கறுப்பு, மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி, ஓரத்தில் விளிம்பு இல்லை என்றால் நம் பீர்க்கு. அதே கறுப்பு, வழவழப்பு, சுற்றிலும் மெல்லிய விளிம்பு என்றால் நுரைப்பீர்க்கு. பழுப்பு நிறத்தில் நீண்ட சதுரமாக, முகத்தில் நீளவாக்கில் மேடு ஓடினால் சுரை. பூசணி விதை அளவிலேயே கறுகறுவென்று இருந்தால் மலைநாட்டு அத்தியிலைப் பூசணி. கறுப்பாக, சொரசொரப்பாக, ஓரம் ஒழுங்கில்லாமல் பல் வெட்டியிருந்தால், அதுவும் உத்தராகண்ட், நேபாளம், டார்ஜிலிங் பக்கமிருந்து வந்திருந்தால், அங்கே மீட்டா கரேலா என்று சொல்லும் உள்கூடான காயாக இருக்கும். பேரில் கரேலா இருந்தாலும் அது பாகல் இல்லை.

முளைத்திருக்கிறது, ஆனால் நான் போட்டதுதானா?

இந்தச் சந்தேகம் வருவது நல்லது. அடுப்படிக் கழிவைப் போடுகிற மண்ணில் பரங்கியும் தோசக்காயும் தானாக முளைக்கும். வேலியோரத் தொட்டி என்றால் பறவை எச்சத்தில் கோவை, முசுமுசுக்கை, குறட்டை, ஐவிரலி எல்லாம் வந்துவிடும். கடைசி இரண்டையும் வாயில் வைக்கக்கூடாது. ஐவிரலியின் இலை ஐந்து விரலாகப் பிரிந்திருக்கும். கோலி அளவுக் காயில் வெள்ளை வரி ஓடும், பழுத்தால் சிவப்பாகும். அழகாக இருப்பதால் பிள்ளைகள் கை வைக்கும்.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. பூசணிக் குடும்பத்து நாற்றின் அடித்தண்டில், வேருக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகச் சின்ன முட்டு ஒன்று புடைத்திருக்கும். விதையிலை மேலே கிளம்பும்போது அந்த முட்டு விதை ஓட்டைக் கீழே அழுத்திப் பிடித்துக் கழற்றிவிடுகிறது. அதனால் ஓடு பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே, தண்டை ஒட்டியே கிடக்கும். நாற்று வந்த முதல் வாரத்தில் விரல் நுனியால் ஒரு அங்குலம் மண்ணை விலக்கினால் அந்த ஓடு கிடைக்கும். எடுத்துவைத்த விதையோடு சேர்த்துப் பாருங்கள்.

கொடி ஓடுகிறது, பூவே இல்லை

சாணி எருவும் கொட்டி மேலே யூரியாவும் போட்டிருந்தால் இலைதான் வரும். யூரியாவை நிறுத்துங்கள். நிழல் என்றால் பந்தலை வெயிலுக்கு மாற்றுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் பகல் நீளத்தைப் பார்க்க வேண்டும். சௌசௌவும் அத்தியிலைப் பூசணியும் பகல் குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் ஊன்றிவிட்டு ஆனியில் பூவைத் தேடினால் கிடைக்காது. ஆடியில் ஊன்றினால் ஐப்பசி வாக்கில் மொட்டு பார்க்கலாம்.

மலைநாட்டு விதைக்கு நம் ஊர் வெயிலே எதிரி. வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இலை ஓரம் கருகிக் கொடி நின்றுவிடும். தரையில் இதோடு மல்லுக்கட்டுவதைவிட, உயரத்தில் உள்ள ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ தெரிந்தவர்கள் இருந்தால் பாதி விதையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பழைய வடாற்காட்டில் இந்தச் சாதிகளுக்கு இடம் கிடைக்கக்கூடியது அங்கேதான்.

பூ வந்துவிட்டது

பேர் வைக்க வேண்டிய நேரம் இதுதான். காய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காலை 6 மணிக்கு ஒரு தடவை, மாலை விளக்கேற்றும் நேரத்தில் ஒரு தடவை பந்தலடியில் போய் நில்லுங்கள். கூடவே பற்றுக்கம்பியைப் பாருங்கள். ஒற்றை இழையாகச் சுருண்டிருக்கிறதா, அடியிலிருந்து இரண்டு மூன்றாகக் கிளைத்திருக்கிறதா?

பூ வெள்ளை என்றால் வேலை சுலபம். சாயங்காலம் விரிந்து மறுநாள் காலையில் வாடும் அகலமான வெள்ளை இதழ் சுரையுடையது. காய் எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி. சுரைக்கு இன்னொரு கையெழுத்தும் உண்டு. இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடுகைவிடச் சின்னதாக ஒவ்வொரு சுரப்பி துருத்திக்கொண்டிருக்கும். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் துல்லியமாகத் தெரியும். மகாராஷ்டிரத்திலோ ஆந்திராவிலோ வாங்கிய உருண்டைக் காயை டிண்டா என்றும் பூசணி என்றும் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகளில் இந்த இரண்டு புள்ளியும் சண்டையைத் தீர்த்துவைக்கும்.

வெள்ளை இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, ராத்திரியில் விரிந்தால் புடல் வகை. அதில் இலை பிளவுபடாமல், தொட்டால் சொரசொரப்பாக, கொடி வருஷக்கணக்கில் கிழங்கு வேரில் நிற்கிறது என்றால் வங்காளத்துப் பட்டோல். வடக்கே பர்வல் என்பார்கள். பற்றுக்கம்பி ஒற்றையாக, வெள்ளைப் பூ மணி வடிவில் இருந்தால் கோவை.

மஞ்சள் பூவில்தான் குழப்பம் அதிகம். முதலில் இதழ்களைப் பாருங்கள். அடியில் ஒன்றாகச் சேர்ந்து, பெரிய மணி வடிவில், விடியும் முன் விரிந்து 10 மணிக்குள் மூடிக்கொண்டால் பரங்கி வகை. பரங்கியில் எந்தப் பரங்கி என்பதைக் காயின் காம்பு சொல்லும். கெட்டியாக ஐந்து பட்டையோடு, காயில் சேரும் இடத்தில் அகன்று பரவியிருந்தால் நம் ஊர்ச் சாதி. உருண்டையாக, தக்கை போல மெத்தென்று தடித்திருந்தால் பெரும்பூசணிச் சாதி. பட்டையும் பள்ளமும் இருந்தும் அடியில் பரவாமல் இருந்தால் சுக்கினிச் சாதி. அழகுக்கு வளர்க்கும் கசப்புக் குட்டிப் பூசணிகளில் பலவும் இந்தக் கடைசிச் சாதிதான் என்பதால் இங்கே நாக்குச் சோதனை கட்டாயம்.

மஞ்சள் இதழ்கள் அடிவரை தனித்தனியாக, பற்றுக்கம்பி கிளைத்திருந்தால் பீர்க்கோ வெண்பூசணியோ. பீர்க்கில் ஆண் பூக்கள் ஒரே தண்டில் வரிசையாக வரும். வெண்பூசணியில் ஒவ்வொன்றாக வரும், மஞ்சள் இதழுக்கு அடியில் உள்ள பச்சைப் புல்லி, இலை மாதிரி அகன்று, ஓரம் பல் வெட்டி, பின்பக்கம் மடிந்திருக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் பிஞ்சிலேயே கறி செய்யும் முடி அடர்ந்த பச்சைக் காய் பலரையும் பயமுறுத்துகிறது. அந்தப் புல்லியைப் பார்த்தால் பயம் போய்விடும். நாம் திருஷ்டிக்கு உடைக்கும் பூசணியின் ஒரு சாதிதான் அது.

பீர்க்கிலும் இரண்டு. வரிப்பீர்க்கு மாலையில் விரியும், நுரைப்பீர்க்கு காலையில் விரியும். காட்பாடி உழவர் சந்தைக்கு வரும் சித்தூர் பக்கத்துப் பாட்டி ஒருவரிடம், வரி இல்லாத பீர்க்கைக் காட்டி "ஆயா, இது இன்னா காய்னு தெரியுதா?" என்று கேட்டேன். காயைத் தொடக்கூட இல்லை. "காலைல பூக்குதா, சாயந்திரமா?" என்றார். காலையில் என்றதும், "அப்போ நேதி பீரகாயி தம்பி. நாளைக்கு வரைக்கும் வைக்காத, நாராய்டும்" என்றார். தெலுங்கில் நுரைப்பீர்க்குக்கு அதுதான் பேர். அவர் சொன்னது அப்படியே சரி. விரல் பதிந்தால் அமுங்கும் பருவத்தில் பறித்தால் பொரியல், நாலு நாள் விட்டால் முதுகு தேய்க்கும் நார். பீகாரிலிருந்து வந்த விதை என்றால் ஒரே கணுவில் கொத்துக் கொத்தாகக் குட்டிக் காய்கள் தொங்கலாம். சத்புதியா என்று அங்கே சொல்லும் பீர்க்கு அது. அதன் ஒவ்வொரு பூவிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால் பூத்ததெல்லாம் காய்க்கும்.

மஞ்சள் பூ, ஒற்றைப் பற்றுக்கம்பி என்றால் வெள்ளரி, முலாம், தோசக்காய் கூட்டமோ, பாகல் கூட்டமோ. ஆண் பூவின் காம்பைப் பாருங்கள். இலை மாதிரி பச்சைச் செதில் ஒன்று காம்பைத் தழுவியிருந்தால் பாகல் கூட்டம். அது காம்பின் நடுவிலோ கீழேயோ இருந்தால் சாதாரணப் பாகல். பூவுக்கு நேர் கீழே, மொட்டை மூடும் குல்லாவாக இருந்தால் மெழுகுபாகலோ காக்ரோலோ. மெழுகுபாகல் சின்ன மஞ்சள் பூ, மாலையில் விரியும், மணக்கும். தெலுங்கில் ஆகாகரகாய். காக்ரோல் காலையில் விரியும், வெளிறிய இதழ், அடியில் கருஊதாத் திட்டு. காய் பச்சையாக, மேலெல்லாம் மெத்தென்ற முள்ளோடு இருக்கும், கசப்பு கிடையாது. வட்டமாக நறுக்கி மஞ்சளும் உப்பும் தடவிக் கடுகெண்ணெயில் பொரித்தெடுப்பதுதான் வங்காளப் பக்குவம். விதை இன்னும் மெதுவாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும்.

இலை தர்பூசணி இலை மாதிரி வெட்டுப்பட்டு, பூ சின்ன மஞ்சளாக, காய் உருண்டையாக வந்தால் நிதானியுங்கள். வடநாட்டு டிண்டாவாக இருக்கலாம். அதன் பிஞ்சில் மெல்லிய முடி இருக்கும், கறிக்கு அருமையான காய். ஆற்றுமணலில் படரும் பேய்க்கும்மட்டியாகவும் இருக்கலாம், அது கடும் விஷக் கசப்பு. விதை கொடுத்தவர் கறிக்கு என்று சொல்லிக் கொடுக்காத பட்சத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊகத்தில் முடிவெடுக்காதீர்கள்.

ஆண் பூ மட்டுமே வருகிறது

பெண் பூ என்றால் இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. சுரை, பரங்கி, பீர்க்கில் முதலில் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூவே வருவது வழக்கம். நீண்ட பகலும் கடும் வெயிலும் ஆண் பூவைக் கூட்டும். அதனால்தான் தைப்பட்டத்துக் கொடி அக்னி நட்சத்திரத்துக்கு முன் காய்த்துத் தள்ளுகிறது, பங்குனியில் ஊன்றியது வெறும் பூவாகக் கொட்டுகிறது.

ஒரு மாதம் தாண்டியும் ஒரு பெண் பூகூட இல்லை என்றால் உங்களிடம் இருப்பது ஆண் கொடி. பட்டோல், காக்ரோல், மெழுகுபாகல், கோவை எல்லாவற்றிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதையில் முளைத்தால் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் வரும். பெண் கொடி மட்டும் இருந்தாலும் பயனில்லை. எட்டுப் பத்துப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடி போதும். வங்காளத்தில் பட்டோலை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, கொடியின் தண்டைத்தான் நடுகிறார்கள். காக்ரோலுக்குக் கிழங்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போகிறவரிடம் விதைக்குப் பதிலாகக் கொடித்துண்டோ கிழங்கோ கேட்டுவிடுங்கள்.

பிஞ்சு பிடித்து, மஞ்சளாகி விழுகிறது

மகரந்தம் சேரவில்லை. மொட்டை மாடித் தோட்டங்களில் தேனீ வரத்து குறைவு, ராத்திரிப் பூவுக்கு விட்டில் வரவேண்டும். ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றுங்கள். பரங்கிக்குக் காலை 8 மணிக்குள், சுரைக்கு விளக்கு வைத்த பிறகு. நேரம் தவறினால் பலன் இல்லை.

பிஞ்சில் ஊசி குத்திய புள்ளியும் அதில் கசிந்து உறைந்த பிசினும் தெரிந்தால் பழ ஈயின் வேலை. உள்ளே புழு இருக்கும். விழுந்த பிஞ்சை மண்ணில் விடாமல் பொறுக்கி அழித்து, கியூ லூர் பொறி (ஆண் பழ ஈயைக் கவர்ந்து பிடிக்கும் பொறி) ஒன்றைப் பந்தலில் தொங்கவிட்டு, நல்ல பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடுங்கள்.

காய் வந்தது, அங்கே பார்த்த காய் மாதிரி இல்லை

வாங்கியது வீரிய ஒட்டுரகக் (ஹைபிரிட்) காயாக இருந்தால் அதன் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும். இல்லையென்றால் தாய்க்கொடியிலேயே கலப்பு நடந்திருக்கிறது. முலாம், தோசக்காய், வெள்ளரிப்பழம், கச்ரி எல்லாம் ஒரே சாதி, தாராளமாகக் கலக்கும். சாலட்டுக்கு நறுக்கும் வெள்ளரிக்காயின் கொடியோடு அவை கலக்காது. சுரையும் பீர்க்கும் கலக்காது, பரங்கியும் வெண்பூசணியும் கலக்காது. ஆகவே இரண்டுக்கும் பிறந்தது என்று யாராவது பேர் வைத்தால் நம்பாமல் மறுபடி பூவுக்குத் திரும்புங்கள்.

இலையில் வெளிர்ப் பச்சைத் திட்டு, இலை சுருங்கி மேடுபள்ளமாக

தேமல் நோயாக இருக்கலாம். வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ் விதை வழியாகவே பரவக்கூடியது, கத்தரிக்கோலிலும் கையிலும் ஒட்டி அடுத்த கொடிக்குப் போகும். கொடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாலு காய்க்கு ஆசைப்பட்டுப் பக்கத்து நிலத்துக்காரரின் பந்தலைக் கெடுக்கக்கூடாது. வெளிநாட்டு விதைக்குக் கட்டுப்பாடு இருப்பதும் இதனால்தான். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையைப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. உள்நாட்டிலேயே பார்க்கவும் வளர்க்கவும் இத்தனை சாதி இருக்கும்போது இதில் குறுக்குவழி தேவையில்லை.

பேர் கிடைத்த மாதிரி இருக்கிறது, உறுதி செய்ய யாரிடம் போவது?

வேலூர்க்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். காந்தி ரோட்டுப் பக்கம் வங்காளச் சாப்பாட்டுக் கடைகளில் சமைக்கிறவர்களிடம் காக்ரோலையோ பட்டோலையோ காட்டினால் கையில் வாங்கும் முன்பே பேர் சொல்லிவிடுவார்கள், எந்தப் பருவத்தில் பறிப்பது என்றும் சொல்வார்கள். தெலுங்குக் காய் என்றால் சந்தைக்கு வரும் சித்தூர் பக்கத்து வியாபாரிகள். இரண்டும் இல்லாததற்கு விரிஞ்சிபுரத்து வேளாண் அறிவியல் நிலையம். எங்கே போனாலும் காயை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். இலையும் பற்றுக்கம்பியும் உள்ள ஒரு முழம் கொடி, ஆண் பூ ஒன்று, பெண் பூ ஒன்று, குறுக்கே வெட்டிய காய், எடுத்துவைத்த விதை எல்லாவற்றையும் ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பூ எப்போது விரிந்தது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாடிய பூவைப் பார்த்து யாரும் நேரம் சொல்ல முடியாது.

உறுதியானபின் விதை எடுக்க நினைத்தால், மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முந்தின நாளே நூலால் கட்டிவிடுங்கள். விரியும் நேரத்தில் அவிழ்த்து, நீங்களே மகரந்தம் ஒற்றி, திரும்பவும் கட்டி, காம்பில் துணிக்கிழி ஒன்று முடிந்துவையுங்கள். அந்தக் காய் கொடியிலேயே முற்றட்டும்.

கார்த்திகை வந்தது, கொடி காய்ந்துவிட்டது

சுரை, பீர்க்கு, பரங்கி என்றால் அதன் ஆயுள் முடிந்தது. காக்ரோல், மெழுகுபாகல் என்றால் பிடுங்காதீர்கள். மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். காய்ந்த கொடியைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டு, தொட்டியை மழை படாத இடத்தில் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாகத் தண்ணீர் தெளியுங்கள். அதிகம் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். ஆண் கொடி எது, பெண் கொடி எது என்று தொட்டியில் பெயிண்டால் குறித்துவையுங்கள், கொடி இல்லாதபோது பிரித்தறிய வேறு வழி கிடையாது. கோடை மழை இரண்டு விழுந்ததும் தானே துளிர்க்கும். அப்போது மேல்மண்ணைக் கிளறித் தொழு உரம் வைத்து, பந்தல் கயிற்றைக் கட்டிவிடலாம்.